நடுவில் விட்டுப்போன ஆரஞ்சுக் கோடு

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நிலத்தடி நீர்த் திட்டத்து ஆபீசில் என்னிடம் ஒரு நோட்டையும் டேப்பையும் கொடுத்து, வாரம் ஒரு முறை போர்க் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து எழுதச் சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது. உத்திரமேரூரை ஒட்டிய எங்கள் ஊரில் ஆறு போர்கள். டேப்பின் நுனியில் சின்ன இரும்புக் கிண்ணம் கட்டியிருக்கும். குழாய்க்குள் இறக்கினால் தண்ணீரைத் தொட்டதும் 'டப்' என்று கேட்கும். அந்த அடியை எழுத வேண்டியதுதான்.

ஆனால் நான் பயந்த சுபாவம். பஸ் ஏறிய பிறகு அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து இறங்கி ஓடி வருகிறவள். ஐந்து போர்களில் தொந்தரவில்லை. ஆறாவது, குத்தகைக்குப் பயிர் வைக்கிற ஒரு அண்ணனுடையது. அங்கே மோட்டார் வயர் பிய்ந்து, ஒட்டுப்போட்டு, சேற்றில் கிடக்கும். ஐப்பசி மழையில் ஒரு நாள் குழாய் மூடியைத் தொட்டேன், கை சுரீர் என்றது. ஷாக்கா, என் பயமா, இன்றுவரை தெரியவில்லை. அளக்காமல் வந்துவிட்டேன்.

நோட்டில் காலி விட்டால் கேட்பார்களே. பக்கத்து நிலத்துப் போரின் அளவைப் பார்த்தேன். அண்ணன் நிலம் கொஞ்சம் மேடு. மூன்று அடி கூட்டி எழுதினேன். அடுத்த வாரமும் அப்படியே. மண் காய்ந்த பிறகாவது அளந்திருக்கலாம். ஆனால் இப்போது நிஜ அளவு வேறாக இருந்தால் பழையதெல்லாம் பொய் என்று தெரிந்துவிடுமே என்று அதற்கும் பயம். மார்கழி வரை வாரா வாரம் பக்கத்துப் போரின் அளவோடு அதே மூன்று அடியைக் கூட்டி எழுதிக்கொண்டே போனேன்.

மார்கழிக் கடைசியில் திட்டத்து ஆபீசிலிருந்து வருகிற பெண் கூட்டம் போட்டாள். என் நோட்டை லேப்டாப்பில் ஏற்றி, எண்களைக் கோடுகளாக வரைந்து சுவரில் காட்டினாள். வரைகிற மென்பொருளுக்குக் காசு கிடையாதாம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்களாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தப்பு கண்டால் சொல்லலாம், திருத்துவார்களாம்.

கடைசிப் படத்தில் பக்கத்து நிலத்துப் போருக்கு ஒரு நீலக் கோடு, அதன் கீழே அண்ணன் போருக்கு ஒரு ஆரஞ்சுக் கோடு. நீலம் ஏறினால் ஆரஞ்சும் ஏறியது. நீலம் இறங்கினால் அதுவும் இறங்கியது. நோட்டில் தனித்தனிப் பக்கத்தில் இருந்தபோது தெரியாதது, சுவரில் ரயில் தண்டவாளம் மாதிரி கிடந்தது.

"பாரேன், புருசன் பொண்டாட்டி மாரி ஒண்ணாவே போவுது," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"எந்த வூட்ல இப்டி ஒண்ணா போறாங்க? உங்க வூட்லயா?"

எல்லோரும் சிரித்தார்கள். குத்தகை அண்ணன் மட்டும் படத்தையே பார்த்தார். "அப்போ என் போர்லயும் தண்ணி ஏறிகீது. தையில உளுந்து போடலாம்னு இருந்தேன். நெல்லே வெச்சிடலாமா?"

அந்தப் பெண் உதட்டைக் கடித்தாள். "இருங்கண்ணே. ரெண்டு போர் இவ்ளோ ஒண்ணா போகாது, எண்ண ஏத்தும்போது நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு நினைக்கிறேன். ரெண்டு நாள் குடுங்க, பாத்துச் சொல்றேன்."

தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். நான் டீ கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் என் வீட்டுக்கே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"முழுக்கப் பாத்துட்டேன்க்கா, தப்பே இல்ல. அந்த மென்பொருள்லதான் கோளாறோன்னு அத எழுதுறவங்ககிட்டயே கேட்டு எழுதினேன். ஒருத்தர் நம்ம எண்ண தானும் போட்டுப் பாத்து பதில் எழுதியிருக்கார். 'வரையறது சரியா இருக்கு, எண்களைப் பாருங்க'ன்னு. நோட்டு சரிதானே? நீங்க ஒரு வாரம்கூட விட்டதில்ல. பாவம், அவருக்குச் சும்மா வேலை வெச்சிட்டேன்."

"அவருக்கு இன்னா சம்பளம் தராங்க?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேனோ.

"சம்பளமா? ஒண்ணும் இல்லக்கா. அவங்களா செய்யறது."

எங்கேயோ முகம் தெரியாத ஒரு மனுஷன், என் பொய்யை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான். இவள் என் நோட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

"ஆறாவது போர நான் அளக்கல," என்றேன். "ஐப்பசிலேருந்து. பக்கத்துல இருந்து மூணு அடி கூட்டி எழுதிட்டேன்."

அவள் திட்டவில்லை. "அண்ணன் நெல்லுன்னு முடிவு பண்ணிட்டாராக்கா?" என்றாள்.

ஓடினோம். அண்ணன் நாற்றங்காலைச் சேறாக்கிக்கொண்டிருந்தார். வரப்பில் விதைநெல் மூட்டை ஊறி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஷாக்குக்குப் பயந்து அளக்காததைச் சொன்னேன். அவர் போய் மோட்டாருக்குக் கரண்ட் வராதபடி ஃபீஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப அள," என்றார்.

டேப்பை இறக்கினேன். நான் எழுதியிருந்த அடி வந்தது. சத்தமில்லை. இன்னும் இறக்கினேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தாறு அடி கூடுதலாகப் போன பிறகுதான் 'டப்' என்றது. மழை அவர் போரை எட்டவே இல்லை.

"நெல்லு வெச்சிருந்தா கதிர் வர்ற நேரத்துல காஞ்சிருக்கும்," என்றார். பிறகு ஃபீஸ் கட்டையைக் காட்டினார். "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா இதப் புடுங்கிக் குடுத்திருப்பேனே, யம்மா. அஞ்சு நிமிச வேல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஊறின விதையை மாட்டுக்கு வைத்துவிட்டு உளுந்து விதைத்தார். நான் விதைக்குப் பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

அந்தப் பெண் படத்தைத் திரும்ப வரைந்தாள். நான் பொய்யாக எழுதிய வாரங்களைக் காலியாக்கினாள். ஆரஞ்சுக் கோடு ஐப்பசியில் நின்று, வெறும் வெள்ளை விட்டு, தையில் மிகவும் கீழே ஒரே ஒரு புள்ளியாக வந்தது. "எண் இல்லாத இடத்துல அது தானா கோடு போட்டுக்காதுக்கா," என்றாள். மென்பொருளைப் பற்றித்தான் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தக் காகிதம் கூட்டம் நடக்கிற அறையில் ஒட்டியிருக்கிறது. நான் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். போன மாசம் கூட்டத்துக்குப் புதிதாக வந்த ஒருத்தி, "நடுவுல இன்னா அந்துபோய் கீது? மழைல நோட்டு நனைஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எதிரே குத்தகை அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"இல்ல," என்றேன். "நான் அளக்கல."

காதெல்லாம் சுட்டது. அண்ணன் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.