தாத்தாவின் இலையில் லீக்ஸ்

இன்று கண்டி சந்தையில் ஒரு கடைக்காரர் வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் கட்டை நறுக்கிப் போட்டார். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதுமே மஹய்யாவவில் இருந்த எங்கள் வீட்டு அடுப்படியும், தாத்தாவின் திவசமும், பெரியப்பாவின் முறைப்பும் ஒன்றாக வந்து நின்றன.

பெரியப்பா கந்தோரில் கிளாக்கர், ஆபீஸ் குமாஸ்தா. சாஸ்திரம் முழுவதும் தன் சட்டைப்பையில் இருப்பதாக அவருக்கு நினைப்பு. அம்மா உருளைக்கிழங்கும் லீக்ஸும் தாளித்துக்கொண்டிருக்க, வாசலிலேயே மூக்கைப் பொத்தினார்.

“வெள்ளைக்காரன் கொண்டாந்த காய் இது. திவசத்துக்கு ஆகாது. அப்பா பசியோட திரும்பிப் போயிருவாரு.”

“மாமா கடைசியா கேட்டதே லீக்ஸ் கறிதான், அத்தான்” என்றார் தாத்தாவின் மருமகளான அம்மா.

“சாஸ்திரம் தெரியாம பேசாத.”

இப்படிச் சொன்னவர், பாயசத்தில் கஜு, அந்த முந்திரிப்பருப்பு, போதாது என்று அடுத்த குறை சொன்னார். படையலுக்கு அன்னாசி வாங்கி வந்தவரும் அவர்தான். இரண்டுமே போர்த்துக்கேயன் காலத்தில் கடல் கடந்து வந்தவை என்று எங்கள் பாடப்புத்தகமே சொல்லும். பழைய கப்பலில் வந்தது அவருக்குப் படையல், புதிய கப்பலில் வந்தது தீட்டு. இதற்குப் பெயர் சாஸ்திரமாம்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “மாமாவோட அப்பாவையும் வெள்ளைக்காரன்தான் இந்தியாவுல இருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டாந்தான். அப்ப நாமளும் ஆகாதா?”

பெரியப்பா கூரையைப் பார்த்தார். அம்மா தாத்தாவின் இலையில் லீக்ஸ் கறியை நிறையவே வைத்தார்.

பிறகு பந்தியில் பெரியப்பாவும் அதைத்தான் வழித்துத் தின்றார். தின்றுவிட்டு, இலையை மெல்ல அம்மா பக்கம் நகர்த்தினார்.

“தீந்துபோச்சு அத்தான்” என்றார் அம்மா, பாதிச் சட்டிக் கறியை மூடிக்கொண்டே.