அறிவிப்புப் பலகையில் ஒரு படம்

குண்டூசியை எடுத்துக் கொடுத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிழைக்க வந்த பெரியவர்களுக்கு இந்த ஊர் மொழி சொல்லித்தரும் பள்ளியில் நான் குமாஸ்தா. அங்கே 'கறார் டீச்சர்' என்றால் தெரியாதவர் கிடையாது. பதினெட்டு வருடத்தில் ஒரு மாணவருக்கும் போன் நம்பர் கொடுத்ததில்லை. யார் வாங்கித் தந்த டீயையும் தொட்டதில்லை. "ஒரு டீ குடிச்சாப் போதும், மார்க் போடறப்போ பேனா சாயும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரிய மகாராணி!

யானைக்கும் அடி சறுக்கும். ஒருநாள் வகுப்பு நடுவே ஒரு தையல்காரிக்குப் போன். மகன் கையை உடைத்துக்கொண்டானாம். டாக்டரிடம் பேச அவளுக்குப் பாஷை போதாது. டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டுக் கூடவே ஓடினார். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. கூடப்பிறந்தவர்கள் யாருமில்லாத மனுஷி, 'அக்கா' என்று அவள் கூப்பிட்டதும் உருகிப்போனார்.

வாய்மொழித் தேர்வு வந்தது. மாதக் கடைசிக்குள் சான்றிதழ் கொடுத்தால் தையல்காரிக்குத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. தேர்வு நடத்தும் டீச்சர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: வகுப்புக்கு வெளியே இந்த மாணவரோடு பழக்கம் உண்டா? உண்டென்றால் வேறு ஆள் வருவார். முன்பின் தெரியாதவர் எதிரே அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். டீச்சர் 'இல்லை' என்று எழுதி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

அவள் நியாயமாகத்தான் பாஸானாள். மறுநாளே சந்தோஷம் தாங்காமல் ஒரு படத்தோடு வந்தாள். மகன் பிறந்தநாளில் டீச்சர் அவனுக்குக் கேக் ஊட்டுகிறார். கீழே, கற்ற மொழியிலேயே, 'என் அக்காவுக்கு நன்றி' என்று எழுதியிருந்தாள்.

"போர்டுல குத்தட்டுமா?"

பாஸானவர்கள் நன்றி எழுதிக் குத்தும் பலகைதான். மடச்சி நான், படிவத்தை மறந்து, சிரித்துக்கொண்டே குண்டூசி கொடுத்தேன்.

மதியத்துக்குள் மேலாளர் பார்த்துவிட்டார். தேர்வு ரத்து, மறுதேர்வு மூன்று மாதம் கழித்து. டீச்சருக்குக் கடைசி எச்சரிக்கைக் கடிதம். மேற்பார்வையாளர் வேலை வேறொருத்திக்குப் போயிற்று.

மறுதேர்வுக்குப் பதிய அவள் வந்தபோது டீச்சர் என் மேசையருகே நின்றிருந்தார்.

"எல்லாம் என்னாலதாம்மா" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க, டீச்சர்."

அடிப்பாவி, டீச்சராம்! அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உங்க வேலையாவது நிலைக்கட்டும். இனி ஞாயித்துக்கிழமை வராதீங்க. பையன் கேட்டா, பெரியம்மா ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொல்லிக்கறேன்."