பஞ்சு வைத்த மேசை விரிப்பு

போர்க்காலத்திலும் நாவற்குடாப் புஸ்பத்தின் தையலுக்குக் கிராக்கி குறையவில்லை. 1997 நத்தார்ப் பண்டிகைக்குத் திரேசம்மா ரீச்சர், தான் படிப்பிக்கும், வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரைப் பள்ளிக்கூட மேசைக்கென்று, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த நீள விரிப்பொன்று கேட்டார். சிவப்புத் துணிக்கு இருநூறு, பஞ்சுக்கு நூற்றைம்பது, கூலி நூறு என்று புஸ்பம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டாள். மேசையில் தானே விரித்துக் காட்ட வேண்டும் என்று ரீச்சரோடு புறப்பட்டும் விட்டாள்.

பாலத்தடி இராணுவச் சோதனைச் சாவடியில், முன்னால் நின்ற பெண்ணிடமிருந்து ஒரு பஞ்சுப் பொட்டலத்தைப் பறித்து, அவளையும் ஒரு பக்கமாக இருத்தினார்கள். போராளிகள் காயத்துக்குக் கட்டுவார்கள் என்று, அவர்கள் கையிலிருந்த அக்கரைக்குப் பஞ்சு கொண்டுபோகத் தடை.

ரீச்சர் புஸ்பத்தின் கையைப் பிடித்தார். "ஐயோ புஸ்பம், நம்மட விரிப்புக்குள்ளயும் பஞ்சுதானே!"

சிப்பாய் விரிப்பை அமுக்கிப் பார்த்தான். பிறகு பிளேடால் ஓரத்தைக் கிழித்தான். உள்ளே இருந்தது அவளுடைய புருஷன் உடுத்திக் கிழிந்த, கோடு போட்ட பழைய சாரம். சிப்பாய் போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

பாலம் தாண்டியதும் ரீச்சர் விரிப்பின் கிழிசலைப் பிரித்துப் பார்த்தார்.

"பஞ்சுக்கெண்டு நூற்றைம்பது ரூபா வாங்கினாயே கா, புஸ்பம்!"

"உண்மையா பஞ்சு வெச்சிருந்தா இப்ப எங்க இருந்திருப்பீங்க, ரீச்சர்?"

ரீச்சர் சிரிக்கவில்லை, கையை நீட்டினார். புஸ்பம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.