ஐம்பது நம்பர் ஆயில்

டாஷ்போர்டில் மிளகு அளவிலிருக்கும் சிவப்பு விளக்கு மினுங்கினால், அடுத்த நிமிடமே கார் வெடித்து, நாங்கள் எல்லோரும் ரயில்வே கேட்டுக்கு மேலே பறந்துபோய் தாம்பரம் ஸ்டேஷன் கூரையில் விழுவோம் என்று நான் மனப்பூர்வமாக நம்பிய காலம் ஒன்று உண்டு. கேட் மூடியிருக்கும், சூடேறிய எஞ்சினிலிருந்து கருகிய எண்ணெய் வாடை காலடியில் கிளம்பும், அந்த விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும், அவ்வளவுதான், கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடி, வேர்க்கடலை வண்டிக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன். உள்ளே இருக்கும் அப்பாவையும் பெரியப்பாவையும் காப்பாற்ற வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. முன் சீட்டிலிருந்து பெரியப்பா தலையை நீட்டிக் கத்துவார்: "டேய், வெடிக்கறதுக்குள்ள எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கிகினு வாடா. வெறும் வயித்தோட போவ வேணாம்."

அது குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடமிருந்து அப்பா வாங்கிய "பியட்". வாங்கும்போதே பழசு. குமாஸ்தா சம்பளத்தில் கார் வாங்கிய மனிதரைப் பார்த்துக் காலனியே சிரித்தது. ஆனால் அப்பா அதைச் சொகுசுக்காக வாங்கவில்லை. பம்மலில் தோல் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்த அவருடைய அண்ணனுக்கு, அதாவது என் பெரியப்பாவுக்கு, இதயம் பழுது. பஸ்ஸில் ஏறினால் மூச்சு வாங்கும், படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். அவருக்குப் பழகிய டாக்டரோ எங்கள் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தார். ஆகவே சனிக்கிழமைதோறும் அப்பா பம்மல் போய் அண்ணனை ஏற்றிவந்து, காட்டி, திரும்பக் கொண்டுபோய் விடுவார். திடீரென்று மூச்சு முட்டினாலும் அந்தக் கார்தான் வர வேண்டும். "தம்பி வண்டி கீதுன்ற தைரியத்துலதாம்ப்பா நான் தூங்கறேன்" என்று பெரியம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தத் தைரியத்துக்கு நடுவில்தான் அந்தச் சிவப்பு விளக்கு. தேய்ந்த எஞ்சின் சூடாகி, ஆயில் நீர்த்துப்போய், வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது அழுத்தம் குறைந்தால் அது மினுங்கும், நகர்ந்தால் அணைந்துவிடும். அப்பாவுக்கு இது தெரியும். அவர் தெரிந்து பயந்தார், நான் தெரியாமல் பயந்தேன். எங்களுக்குள் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

என்ன ஆயில் ஊற்றுவது என்பதில் காலனி இரண்டாகப் பிரிந்தது. எண் ஏற ஏற ஆயில் கெட்டி என்பது கணக்கு. "முப்பதுக்கு மேல போகாதீங்க" என்று வண்டியை விற்ற டாக்டர் சொல்லியிருந்தார். அது தண்ணிக் கட்சி. எதிர்வீட்டு ஜேம்ஸ் அங்கிள் கெட்டிக் கட்சி. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துபவர், சொந்தமாக ஒரு சைக்கிள் வைத்திருந்தவர், ஆகவே கார்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. "அம்பது நம்பர் ஊத்துங்க சார், லைட்டு ஜென்மத்துக்கும் எரியாது" என்றார். நான் உடனே கெட்டிக் கட்சியில் சேர்ந்து, சாப்பாட்டு வேளையில்கூடப் பிரசாரம் செய்தேன். பெரியப்பா மட்டும் நடுநிலை. "எனக்கு ரத்தம் கெட்டியா ஆவக் கூடாதுன்னு மாத்திரை குடுக்கறாங்கோ. காருக்கு இன்னாடான்னா கெட்டியா ஊத்துன்றீங்கோ. ரெண்டுல ஏதோ ஒரு டாக்டரு டுபாக்கூர்டா!"

கடைசியில் அப்பா பணிந்தார். பெட்ரோல் பங்க் பீப்பாயிலிருந்து அளந்து வாங்கிய ஐம்பது நம்பர் ஆயில், வெல்லப்பாகு மாதிரி மடிந்து மடிந்து எஞ்சினுக்குள் இறங்கியது. அந்தச் சனிக்கிழமை கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி முழுதாகக் கடந்துபோயும் விளக்கு எரியவில்லை. நான் பின்சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணனும் தம்பியும் பேசாமல் அந்த இருட்டு மிளகையே பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் முடிவு செய்துவிட்டோம். எங்களுக்கு வேண்டியது விளக்கு எரியாமலிருப்பது, ஆயிலை அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தோம்.

மார்கழி வந்தது. ஒரு விடியலில் ஜேம்ஸ் அங்கிள் வீட்டுப் போன் அடித்தது. எங்கள் வீட்டில் போன் கிடையாது, ஊருக்கெல்லாம் நாங்கள் "பி.பி. நம்பர்" என்று கொடுத்துவைத்திருந்த போன் அது. தெருமுனைக் கடையிலிருந்து பெரியம்மா பேசினாராம். "தம்பிய வண்டி எடுத்துகினு வரச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒருமுறை முனகியது. பனியில் இறுகிய ஆயிலை, வயதான பேட்டரியால் அசைக்க முடியவில்லை. மறுபடி திருப்பினார், முனகல் இன்னும் சின்னதாயிற்று. பேண்ட்டும் பனியனுமாக இருந்த அப்பா, லுங்கியை மடித்துக் கட்டிய ஜேம்ஸ் அங்கிள், அம்மா, அந்தப் பக்கமாக வந்த பால்காரர் எல்லோரும் தள்ளினார்கள். கார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த நான் கண்டது ஒன்றைத்தான்: சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. சாவியைத் திருப்பி எஞ்சின் ஓடாமலிருந்தால் அது எரியத்தான் செய்யும். எனக்கு அது தெரியாது. "எரியுது, எரியுது" என்று அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டேன். அம்மா வந்து காலைப் பிடித்து இழுத்தபோது தெருவில் புகை மட்டும் இருந்தது. அப்பா போய்விட்டிருந்தார்.

அவர் பம்மல் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அப்பா அண்ணனின் கையைப் பிடித்துப் பார்த்தார். அந்தப் பனியில் எல்லோர் கையும் சில்லென்றுதான் இருந்தது. கூட்டத்தில் யாரோ, "கொஞ்சம் முந்தி வந்திருந்தா ஆஸ்பத்திரிக்காவது தூக்கிகினு போயிருக்கலாம்" என்றார்கள். பெரியம்மா அழுதுகொண்டிருந்தார். அப்பா வேறு எதையும், யாரையும் கேட்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு அப்பா அந்த ஆயிலை வடித்து முப்பது ஊற்றினார். ஜேம்ஸ் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரு பழக்கம். விடிந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் போய்க் காரைக் கிளப்புவார். ஒரே சாவியில் கிளம்பிவிட்டால் அணைத்துவிட்டு உள்ளே வருவார். எங்கும் போக மாட்டார். கேட்டில் விளக்கு மினுங்கினால் இப்போது அவர் அதைப் பார்ப்பதே இல்லை. "அன்னிக்குக் கிளம்பல, இப்ப தினமும் கிளம்புது" என்று அம்மா ஒரே ஒருமுறை சொன்னார். அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு அதை மறுபடி சொல்லவில்லை. கை நடுங்க ஆரம்பித்த பிறகும் அப்பா சாவியை என்னிடம் தரவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிப் படுக்கையிலும், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கையில், "முப்பதே ஊத்தியிருக்கலாம்டா" என்றார்.

இப்போது அந்த ரயில்வே கேட் இல்லை, மேம்பாலம் இருக்கிறது. பீப்பாயிலிருந்து ஆயில் அளந்து ஊற்றுவதில்லை. ஜேம்ஸ் அங்கிள் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. கார் மட்டும் என் வீட்டுக் கீழ்த்தளத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. போன பொங்கலுக்கு அதை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். போனில் பழைய கார்க்காரர்களின் குழு ஒன்றில் ஆயிலைப் பற்றிக் கேட்டேன். தண்ணிக் கட்சியும் கெட்டிக் கட்சியும் கொஞ்சமும் மாறாமல் அடித்துக்கொண்டன. ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடையில் டப்பாக்களுக்கு முன்னால் நின்றபோது, ஐம்பது வயதில், எனக்கு வேர்த்தது. கடைசியில் "இருபது-ஐம்பது" வாங்கினேன். பனியில் இளகியும் சூட்டில் கெட்டியாகவும் நடந்துகொள்ளுமாம், கூட்டணி ஆட்சி.

பண்டிகைக்கு வந்திருந்த பெரியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல், வேடிக்கை போலவே சொன்னேன்: "அன்னிக்கு முப்பதே ஊத்தியிருந்தா வண்டி சட்டுனு கிளம்பியிருக்கும், பெரியப்பாவக் காப்பாத்தியிருக்கலாம்னு அப்பா சாகற வரைக்கும் பொலம்பிட்டிருந்தார் பெரியம்மா."

பெரியம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "யாருப்பா சொன்னா அப்டி? நான் எந்திரிக்கும்போதே உங்க பெரியப்பா வெறச்சுப் போய்க் கெடந்தாரே. போன்ல அத எப்டி வாய் விட்டுச் சொல்றது? அதான் வண்டி எடுத்துகினு வான்னேன்." பிறகு, "உங்கப்பா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார்.

அப்பா கேட்கவில்லை. ஜேம்ஸ் அங்கிள் வீட்டுப் போன் அடிப்பதற்கு வெகு நேரம் முன்னாலேயே, தூக்கத்தில், பெரியப்பா இறந்துபோயிருந்தார்.