பிள்ளையின் காதுக்காக வந்த சுப்பையா அண்ணாச்சி

திருவேங்கடம் பக்கத்திலிருந்து வந்த மல்லியை எடை போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சுப்பையா அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்குள் மறுபடியும் அழைத்து, நேரே வீட்டுக்கு வந்துவிடு என்றார்கள். தராசை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் அவர் கடையும் என் கடையும் அடுத்தடுத்து இருந்தன. அவர் ஏலம் கூறுகிற குரல் இல்லாமல் அங்கே ஒரு விடியலும் போனதில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல மார்க்கெட்டில் ஆளுக்கொன்று இருக்கும். என் மகள் யாழினியின் காது விஷயத்தில் அவர் செய்தது பலருக்குத் தெரியாது. அவரை அறிந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும்.

யாழினிக்கு ஏழாம் மாதம் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் எங்கள் சாமி கோயிலில் காது குத்தினோம். பிள்ளை தாய்மாமன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மேளக்காரர் அவள் தலைமாட்டில் நின்று வாசித்தார். அவள் கண் திறக்கவில்லை. என்ன சமத்தான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த அண்ணாச்சி மட்டும் சரியாகச் சாப்பிடாமல் இலையை மூடிவிட்டார்.

மறுநாள் ஏலம் முடிந்ததும் டீக்கடைக்குக் கூப்பிட்டார்.

"முத்து, கோவிச்சுக்கிடாத. பிள்ளைய ஒரு காது டாக்டர்ட்ட காட்டிருவோம்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் எல்லாம் தாமதமாகத்தான் பேசும், எதற்கு இல்லாததைக் கிளப்புகிறீர்கள் என்றேன். அவர் தாழ்ந்த குரலில் பேசி அன்றுதான் கேட்டேன்.

"நானும் இதேதாம்ல சொன்னேன். கார்த்திக்கு ரெண்டு வயசுல உன் மதினி சொன்னா. நம்ம குடும்பத்துல லேட்டாத்தான் பேசும்னு அவ வாய அடைச்சிட்டேன். அவனக் கூட்டிட்டுப் போகும்போது நாலு வயசு."

கார்த்திக் அவருடைய ஒரே மகன். பிறவியிலேயே காது கேளாதவன். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தான். இப்போது வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறான்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது என் மனைவி செல்வி மறுத்துப் பேசவில்லை. அவளும் சில நாட்களாகப் பிள்ளையின் பின்னால் நின்று கரண்டியால் தட்டில் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லப் பயம்.

திருநெல்வேலியில் காது டாக்டரிடம் போனோம். அண்ணாச்சி கடையை ஆளிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்தார். டாக்டர் விளக்கு வைத்துக் காதுக்குள் பார்த்தார். பிறகு ஒரு பெண், காதில் சின்ன ரப்பர் முனையை வைத்து மெஷினைப் பார்த்தார். சரியாக வரவில்லை, ஒயர் ஒட்டிக் கேட்கும் திறனை அளக்கிற பெரா டெஸ்ட் எடுக்க வேண்டும், அதற்குப் பிள்ளை நன்றாகத் தூங்க வேண்டும், காலையிலிருந்து தூங்கவிடாமல் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

அடுத்த முறை பஸ்ஸில் பிள்ளையைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டவர் அண்ணாச்சிதான். ஜன்னல் வழியே காற்றாலைக் காற்றாடிகளைக் காட்டினார். கன்னத்தை உப்பி வெடித்தார். கண் சொருகினால் முகத்தில் ஈரத்துணியால் ஒற்றினார். அங்கே போனதும் மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். அந்த அறைக்கு வெளியே நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு என்று டாக்டர் சொன்னார். உடனே காது மெஷின் மாட்ட வேண்டும், பிறகு ஆபரேஷனும் தேவைப்படும், விடாமல் பேச்சுப் பயிற்சி கொடுத்தால் பேசுவாள் என்றார். செல்வி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அண்ணாச்சிதான் கேட்டார்.

"இப்ப வந்தது சரியான நேரந்தானா சார்?"

நல்ல நேரம் என்றார் டாக்டர்.

"இதே பிள்ள நாலு வயசுல வந்திருந்தா?"

டாக்டர் சற்று யோசித்து, ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கும் என்றார். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டார். அவர் யாருக்காகக் கேட்டார் என்று அந்த அறையில் எனக்குத்தான் தெரியும். வெளியே வந்ததும் தண்ணீர் பாட்டில் வாங்கப் போவதாகச் சொல்லிப் போனவர், வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

யாழினிக்கு ஆபரேஷன் முடிந்து இப்போது பேச்சு வந்துவிட்டது. அவரைப் 'பூத் தாத்தா' என்பாள். அவள் அப்படிக் கூப்பிட்ட முதல் நாள் மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார்:

"கார்த்தி கையால என்னமோ சொல்லுதான். எனக்கு ஒண்ணும் விளங்க மாட்டேங்குது. சரி சரின்னு தலைய ஆட்டிட்டு வந்திருதேன்."

கைமொழி கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். மகனுடைய சிநேகிதன் ஒருவன் சொல்லித்தர ஒத்துக்கொண்டிருந்தான். ஆடித்தபசுத் திருவிழா முடியட்டும் என்றார். அது முடிந்ததும் ஆவணி முகூர்த்தம் வந்தது, பூவுக்கு நல்ல கிராக்கி. தை பிறக்கட்டும் என்றார். அப்படியே தள்ளிப் போய்விட்டது.

துக்க வீட்டில் சொந்தக்காரர்கள் கார்த்திக்கின் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். பாளையங்கோட்டையில் அவனோடு படித்தவர்கள் நாலைந்து பேர் வந்த பிறகுதான் அவன் பேசினான். முற்றத்து ஓரத்தில் அவர்கள் கைகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. அங்கே அழுத எங்கள் யாருக்கும் அவன் என்ன சொல்லி அழுகிறான் என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் அவன் தன் போனில் தட்டி என்னிடம் காட்டினான். 'அப்பா உங்களிடம் நிறைய பேசுவார்களாமே. என்ன பேசுவார்கள்?'

அண்ணாச்சிக்கு எழுதி அனுப்புகிற பழக்கம் கிடையாது. எதுவானாலும் வாட்ஸப்பில் பேசித்தான் அனுப்புவார். அதெல்லாம் என் போனில் அப்படியே கிடக்கிறது. கடை அடைத்த பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக் கார்த்திக்கிடம் கொடுத்துவருகிறேன். பெரும்பாலும் வரத்து, விலை, மழைப் பேச்சு. எதையும் விடவில்லை. நேற்று எழுதியது இது:

"ஏல முத்து, கார்த்தி எனக்கு ஒரு சட்ட தச்சிருக்கான். அளவே எடுக்கல பாத்துக்க, அம்சமா இருக்கு. நல்லாருக்குன்னு அவன்ட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல. முதுகுல தட்டிட்டு வந்துட்டேன்."

கார்த்திக் அதைப் படித்துவிட்டு மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

என் மகள் பேசும் ஒவ்வொரு சொல்லிலும் அவருக்குப் பங்கு இருக்கிறது. அதோடு, அவருடைய குரலும் என்னிடம் இருக்கிறது. யாரிடம் சேர வேண்டிய குரலோ அவனுக்கு அதை எழுத்தாக மட்டுமே என்னால் கொடுக்க முடிகிறது.