முதல் தகவலை மறக்கத் தெரியாத அக்கா

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லாருக்கும் அவர் அக்கா. வயது முப்பத்தொன்பது. ஒரு தடவை காதில் விழுந்தது எதுவும் அவருக்கு மறக்காது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த டாக்டர் எந்த டாக்டரோடு பேசுவதில்லை, எல்லாம் விரல் நுனியில். அந்த ஞாபகசக்தியே அவருக்கு வில்லனாக வந்து நின்றது என்றால் நம்புவீர்களா?

மருத்துவமனை நிர்வாகப் படிப்பில் சேர வேண்டும் என்று அக்காவுக்கு வெகுநாள் ஆசை. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. நாற்பது தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் மண்ணைக் கவ்வியாயிற்று. இந்த முறையும் விட்டால் அவ்வளவுதான்.

காலை வாரியது இயற்கணிதத்தில் ஒரே ஒரு வகைக் கணக்கு. ஒரு கேள்வி, கீழே இரண்டு தகவல். விடை கண்டுபிடிக்க வேண்டாம். முதல் தகவல் தனியாகப் போதுமா, இரண்டாவது தனியாகப் போதுமா, சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்று சொன்னால் சரி. கேட்க அல்வா மாதிரி இருக்கிறதா? உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

x எவ்வளவு? ஒன்று: x பூஜ்யத்தைவிடப் பெரியது. இரண்டு: x-இன் வர்க்கம் 49. அக்கா யோசிக்காமல், இரண்டாவது மட்டுமே போதும் என்று டிக் அடித்தார்.

அவர் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஆறு மாதமாகச் சமையல் அவர் பொறுப்பு. ஒரு கையில் கத்தி, மறு கையில் விடைப் புத்தகம்.

"தப்பு. மைனஸ் ஏழும் வரும்ல."

"அதான் பெரியதுன்னு மேல சொல்லிட்டானே."

"மேல சொன்னது மேலயே இருக்கட்டும். ரெண்டாவதைத் தனியாப் பாக்கும்போது அது உனக்குத் தெரியாது."

"தெரிஞ்சதை எப்படிங்க தெரியாதுன்னு வச்சுக்கறது?"

"உனக்குக் கஷ்டம்தான். என் கூடப்பொறந்த அக்கா பத்து வருஷம் முன்னாடி உன்னைச் சொன்னதையே இன்னும் மனசுல வச்சிருக்க."

"அதையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க," என்று அக்கா புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் ஒருவருக்குச் சர்க்கரை அளவு நம்ப முடியாதபடி ஏறியிருந்தது. மறுபடி பார்க்க வேண்டும். முதல் எண் கண்ணில் பட்டால் மனசு அந்தப் பக்கமே சாயும் என்று, அதன் மேல் ஓர் அட்டையை வைத்து மூடினார். பதினைந்து வருடப் பழக்கம். மூடிய கை அப்படியே நின்றது. 'அட மண்டு, இதைத்தானே வீட்டில் செய்யத் தெரியாமல் முழிக்கிறாய்' என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அன்று முதல் கணக்குப் புத்தகத்திலும் முதல் தகவலின் மேல் அட்டை உட்கார்ந்தது. பத்துக்கு நான்கு சரியாக வந்தது எட்டாயிற்று.

ஆனால் தேர்வு கணினியில். அங்கே அட்டைக்கு எங்கே போவது? அக்கா உள்ளங்கையைத் திரையில் வைத்து மறைத்தார். கண்காணிப்பாளர் ஓடி வந்தார்.

"மேடம், ஸ்கிரீனைத் தொடக்கூடாது. கையை எடுங்க."

எடுத்தார். இரண்டு நிமிடம் வீணாய்ப் போன பிறகுதான் ஒன்று தோன்றியது. முதல் தகவலை முடித்ததும் கண்ணை மூடி, "இது வேற ஆள் ரத்தம்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு இரண்டாவதற்குப் போனார். பக்கத்து இருக்கைப் பெண் மிரண்டு போய்த் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டுமே. கடைசிக் கேள்விவரை அப்படியே ஓட்டினார். முடித்ததும் மதிப்பெண் திரையிலேயே வந்தது.

வெளியே கணவர் வேனோடு நின்றார். போன இரண்டு தடவையும் "போகட்டும் விடு" என்று டீ வாங்கிக் கொடுத்து, வழியெல்லாம் ஊர்க்கதை பேசியே கூட்டிப்போனவர். இந்த மனுஷனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை என்று அக்காவுக்கு உள்ளுக்குள் வருத்தம் உண்டு.

"மார்க் வந்துடுச்சுங்க. இடம் கிடைச்சிடும்."

அவர் வேன் படியில் உட்கார்ந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதார்.

"என்னங்க இது, நல்லதுதானே நடந்திருக்கு?"

"இந்தத் தடவையும் போச்சுன்னா உன்கிட்ட என்ன சொல்றதுன்னு காலையிலேர்ந்து யோசிச்சிட்டு இருக்கேன். ஒண்ணுமே தோணல."