கொத்தாமல் விட்ட இடம்

பொர்த்தொலோவின் காதுகளைப் பற்றிச் சொல்லாமல் அவன் கதையைத் தொடங்க முடியாது. முறம் மாதிரிக் காதுகள். நடுவே கொழுத்த மூக்கு ஒன்று. பிரெந்தா ஆற்றங்கரையில் அவனைவிட வழவழப்பாகச் சுவர் பூசத் தெரிந்த கொத்தனார் கிடையாது. ஆனால் யார் அவன் வேலையைப் பார்த்தார்கள்? காதைத்தான் பார்த்தார்கள்.

அவனுக்கு இருபத்துநான்கு வயதாக இருக்கும்போது, ஆற்றோர மாளிகையின் விருந்துக்கூடத்தில் சித்திரம் எழுத சக்காரியா என்ற ஓவியர் வந்தார். ஈரச் சாந்தின்மேல் எழுதுகிற சித்திரம். அன்றன்றைக்கு எழுதக்கூடிய அளவுக்கு மட்டும் பொர்த்தொலோ காலையில் சாந்து பூசிக் கொடுப்பான். அது காய்வதற்குள் அவர் எழுதி முடித்துவிட வேண்டும். சாந்தோடு சேர்ந்து இறுகிய நிறம் நூறு வருஷமானாலும் அசையாது. கண், புருவம், உதடு போன்ற நுணுக்கங்களை மட்டும் சுவர் காய்ந்த பிறகு முட்டை மஞ்சள்கருவில் நிறம் குழைத்துத் தீட்டுவார். அந்த முட்டைகளைக் கூடையில் கொண்டுவந்தவள் ஓர்சோலா. பக்கத்துப் பண்ணைக்காரி.

“ஏன் ஐயா, என் கோழி முக்கி முக்கிப் போட்ட முட்டையைச் சுவத்துக்கா ஊட்டுறீங்க? எங்க வீட்ல நாங்க வெறும் சோளக்களிதான் திங்கிறோம்” என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஓவியருக்குப் பிடித்துப்போயிற்று. பெரிய சுவரில் அவர் எழுத இருந்தது, ஆட்டுக்காலும் கொம்பும் உள்ளவன் ஒருவன் வனமங்கையைத் துரத்துகிற காட்சி. அவனைப் படித்தவர்கள் சாட்டிர் என்பார்கள், நாங்கள் ஆட்டுக்காலன் என்போம். பணக்கார வீட்டுச் சுவரென்றால் இவர்கள் இல்லாமல் இருக்காது. ஓடுகிற மங்கை தோளுக்குமேல் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்த முகம் ஓர்சோலாவின் முகம். துணியில்லாத உடம்பு ஓவியரின் பழைய சித்திர ஏட்டிலிருந்து எடுத்தது. சத்தியமாக அப்படித்தான், ஊர் நம்பவில்லை என்றால் ஊர் நாசமாய்ப் போகட்டும். ஆட்டுக்காலன் முகத்துக்கு ஆள் தேடி அவர் அலையவில்லை. காதும் மூக்கும் பக்கத்திலேயே கரணையோடு நின்றனவே!

படம் முடிந்ததும் ஊரே வந்து பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தது. “டேய் பொர்த்தொலோ, செருப்பைக் கழட்டு, குளம்பு இருக்கான்னு பாப்போம்!” என்று பையன்கள் கத்தினார்கள். அவன் கூனிக்குறுகிப்போனான். ஓர்சோலாதான் கூடையும் கையுமாக வந்து அவன் எதிரே நின்றாள்.

“சுவத்துல மட்டும் அந்த ஓட்டம் ஓடித் துரத்துறே. இறங்கி வந்து எங்கப்பாகிட்டப் பொண்ணு கேட்டா என்ன, கொம்பு உதிர்ந்தா போயிடும்?”

கேட்டான். கொடுத்தார்கள். மூன்றே வருஷம்தான். சதுப்பு நிலத்துக் காய்ச்சல் ஒரு ஆகஸ்டில் அவளைக் கொண்டுபோயிற்று. மகள் நினேத்தாவுக்கு அப்போது எட்டு மாதம்.

ஏழை வீட்டில் செத்தவர்களுக்கு ஏது படம்? ஓர்சோலாவுக்கு மட்டும் இருந்தது, அதுவும் கோமான் வீட்டுச் சுவரில். ஒவ்வொரு வருஷமும் அவள் நினைவுநாளன்று பொர்த்தொலோ சமையற்காரியின் கையில் காலில் விழுந்து, பின்வாசல் வழியாகக் குழந்தையை உள்ளே அழைத்துப்போவான். “அம்மா சிரிக்குது” என்பாள் நினேத்தா. பேச்சு வளர வளர, பல் விழுந்தது, பூனை குட்டி போட்டது எல்லாவற்றையும் சுவரிடம் சொல்லிவிட்டு வருவாள்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது மாளிகைக் கோமான் இறந்தார். சீமாட்டிக்குப் பக்தி முற்றியது. விருந்துக்கூடம் ஜெபக்கூடமாக வேண்டும், நான்கு சுவரும் வெள்ளையாக வேண்டும் என்று பொர்த்தொலோவை வரச்சொன்னாள்.

“அம்மா, ஒரு துணி எழுதி உடம்பை மூடிடலாம். முகத்தை மட்டும் விட்டுடுங்கம்மா. அது செத்துப்போன என் பொண்டாட்டி.”

“உடம்பைக்கூட மன்னிச்சிடலாம்பா. அந்த முகம்தான் ஜெபிக்க விடாம சிரிச்சுக்கிட்டே இருக்கு. கட்டினவளை இப்படி அடுத்தவங்க சுவத்துல விட்டுப் பாக்குறியே, உனக்கு வெக்கமா இல்லே?”

அவன் முடியாது என்றால் நகரத்திலிருந்து வேறொருவன் வருவான், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பெயர்த்துப்போடுவான். அதனால் ஒத்துக்கொண்டான்.

பழைய சுவரின்மேல் புதுச் சாந்து பிடிக்க வேண்டுமானால் முதலில் சுத்தியலால் சுவர் முழுதும் அம்மைத் தழும்பாகக் கொத்த வேண்டும். வழவழப்பில் சாந்து நிற்காது. பொர்த்தொலோ முதல் கொத்தைத் தன் மூக்கிலேயே போட்டான். “போடா ஆட்டுக்காலா” என்று சொல்லிக்கொண்டே காதுகளையும் தகர்த்தான். அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்கூட. பிறகு அவள் கால், இடுப்பு, தோள். கழுத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. முகத்தைச் சுற்றி மட்டும் நெருக்கமாகக் கொத்தி, முகத்தை ஒரு கீறல்கூடப் படாமல் விட்டான். விளிம்பின் பிடியில் பூச்சு நிற்கும். பின்னால் ஒரு நாள் தட்டினால் அந்தத் துண்டு மட்டும் ஓடாகக் கழன்று விழும், உள்ளே ஓர்சோலா இருப்பாள். கணக்கு அவனுக்கு அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது. கொழகொழவென்ற சுண்ணாம்புச் சாந்தை அவள் சிரிப்பின்மேல் தன் கையாலேயே அப்பினான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் மட்டும் சொன்னான். “அம்மா எங்கயும் போகலைடி. போர்வைக்குள்ள தூங்குறா. சீமாட்டி கண்ணை மூடட்டும், நாம போய் எழுப்புவோம்.”

சீமாட்டியா கண்ணை மூடுவாள்? பதினொரு வருஷம் இரும்பாக இருந்தாள். பொர்த்தொலோவுக்கு முதுகு வளைந்தது, சுண்ணாம்பு தின்ற விரல்கள் மடங்கவில்லை. எவன் என்ன சொல்லிக் கேலி செய்தாலும் அவன் ஜெபக்கூடத்துச் சுவரை நினைத்துக்கொள்வான். அந்த ஒன்றை வைத்துத்தான் அவன் உயிரோடு இருந்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

கடைசியில் அவள் இறந்தாள். வாரிசுகள் மாளிகையைப் பட்டுப்புழு வளர்க்கும் வியாபாரி ஒருவனுக்கு விற்றார்கள். பொர்த்தொலோ போய்க் கேட்டதும், “தட்டிப் பாரு பெரியவரே, எனக்கென்ன? ஆனா நாளைக்குப் புழுத்தட்டு அடுக்க ஆள் வருது, ஓட்டையை அடைச்சிட்டுப் போயிடணும்” என்றான் வியாபாரி.

இருபது வயது நினேத்தா தேவாலயத்துக்குப் போவதுபோல நல்ல பாவாடை உடுத்தி வந்தாள். பொர்த்தொலோ சுவரை விரலால் தட்டிக்கொண்டே போனான். ஓரிடத்தில் பொள்ளலாக ஓசை வந்தது. “இங்கதான்” என்றான். உளியை விளிம்பில் வைத்து மூன்று தட்டுத் தட்டினான். துண்டு அப்படியே கழன்று விழுந்து தரையில் தூளாயிற்று.

கன்னம் இருந்தது. நெற்றி இருந்தது. தோளுக்குமேல் திரும்பிய தாடை, கலைந்த கூந்தல், எல்லாம் நேற்று எழுதியதுபோல இருந்தன. கண் இல்லை. புருவம் இல்லை. வாய் இல்லை. சாந்து காய்ந்த பிறகு முட்டையில் தீட்டியதையெல்லாம் அவன் அப்பிய ஈரச் சுண்ணாம்பு கரைத்துத் தன்னோடு எடுத்துக்கொண்டு விழுந்துவிட்டது.

“முட்டை” என்றான் பொர்த்தொலோ. “ஐயோ, முட்டை! அவ கையால வாங்கிக் குடுத்தேனே. எனக்குத் தெரியுமே. தெரிஞ்சும் எப்படிடி மறந்தேன்?”

மண்டியிட்டுத் தூளைக் கிளறினான். வெள்ளைத் தூளில் ஒரு சிவப்புப் பொட்டுக் கிடைத்தது, உதடாக இருக்கலாம். எடுக்கப் போனதும் விரலில் மாவாயிற்று.

நினேத்தா அழவில்லை. அந்த வெறும் முகத்தையே பார்த்தாள். “பரவால்லப்பா, எனக்கு ஞாபகம் இருக்கு. பழுப்புக் கண்ணு.”

“கறுப்புடி.”

“இல்லப்பா, பழுப்பு. நான் வருஷா வருஷம் பாத்தேனே.”

அவன் கண்ணை மூடிப் பார்த்தான். கறுப்பு என்று பார்த்தால் கறுப்பாக வந்தது. பழுப்பு என்று அவள் சொன்ன பிறகு பழுப்பாகவும் வந்தது. இரண்டிலும் ஓர்சோலா இல்லை.

வெளியே புழுத்தட்டுகளின் அளவைப் பற்றி வியாபாரி யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தான். நாளைக்கு வரும் ஆட்கள் இந்த வாயில்லா முகத்தைப் பார்த்தால் கரியால் மீசை வரைவார்கள். அவனுக்கு ஊரைத் தெரியும்.

“சாந்து கொழச்சிட்டு வா” என்றான் மகளிடம். சுத்தியலை எடுத்து, நெற்றியிலிருந்து தாடைவரை இந்த முறை ஓரிடமும் விடாமல் கொத்தினான்.